இடது கட்டைவிரலுக்கு 172,500 ரூபா

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் அதை மூடி, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கமாகச் சரிக்கச் சொன்னார் வைத்தியர். சரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என்ன வேலை செய்கிறீர்?” என்று கேட்டார். கணக்கு அலுவலகம் என்றேன். “நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சா?” என்றார். ஆம் என்று தலையாட்டிவிட்டேன். இருபத்தேழு வயதுக்காரன், வீடியோ விளையாட்டில் ரியூ என்ற தாடிக்காரனை வைத்து ஒரே குத்தை நாளுக்கு நானூறு தடவை குத்தியதால் விரல் போய்விட்டது என்று அந்த வெள்ளைச் சட்டைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கட்டைவிரல் அடியில் ஓடும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்கிறது, தட்டச்சைக் குறையுங்கள் என்றார். குறைத்தேன். இரவு விளையாட்டை மட்டும் குறைக்கவில்லை. அந்த ஒரு பொய்யால் இன்னும் மூன்று வாரம் பழுதாகின. ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: கைவலி என்று போனால், எந்த விரலால் என்ன செய்தீர்கள், எத்தனை மணிநேரம் செய்தீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். வைத்தியர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கதை 2023 ஜூனில் தொடங்குகிறது. அந்த மாதம்தான் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் பைட்டர் 6 என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடம் மணிக்கணக்கான மின்வெட்டில் விசிறி மட்டையோடு விறாந்தையில் படுத்துக் கிடந்த எங்களுக்கு, இரவு முழுக்க மின்சாரமும் இணையமும் இருப்பதே ஒரு களியாட்டமாக இருந்தது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடத் தொடங்கினேன். டிசம்பருக்குள் கோல்ட் தரம், பிறகு பிளாட்டினம். அதோடு நின்றுவிட்டது. இரண்டு படி ஏறுவேன், மூன்று படி இறங்குவேன். குறை என்னிடம் இல்லை, சாமான்களில்தான் என்று முடிவுசெய்தேன். செக்கனுக்கு 165 தடவை படம் மாற்றும் 165 ஹேர்ட்ஸ் திரை ஒன்றை 72,000 ரூபாவுக்கு வாங்கினேன். அந்த விளையாட்டின் கணக்கு செக்கனுக்கு 60 பிரேம், அதாவது 60 படம்தான் என்பதையும், குதித்து வருபவனை நான் கவனிக்காததற்குத் திரை பொறுப்பல்ல என்பதையும் பிறகுதான் யோசித்தேன். குச்சியே இல்லாமல் பொத்தான்கள் மட்டும் உள்ள கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை 45,000 ரூபாவுக்கு வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன். தபாலும் சுங்கமுமாக இன்னொரு 11,000. பழகப் பொறுமையில்லாமல் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் பழைய கன்ட்ரோலருக்கே திரும்பினேன். இணையத்தில் ஒருவரிடம் நான்கு மணிநேரம் பாடம் கேட்டேன், 100 டொலர். அன்றைய விலையில் 30,000 ரூபா. அவர் என் ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு நீளமான காம்போக்களை, அதாவது இடைவிடாத தொடர் அடிகளை, படிக்கச் சொன்னார். பின்னால் வந்த வைத்தியச் செலவு 14,500. கூட்டிப் பார்த்தால் தலைப்பில் உள்ள தொகை வரும். தொழிலே கணக்கு என்பதால் கூட்டாமல் இருக்க முடியவில்லை.

2024 தைப்பொங்கல் முடிந்ததும் வீட்டுக்கு அருகில் உள்ள ஜிம்முக்குப் போகத் தொடங்கினேன். அம்மாவின் நச்சரிப்புத்தான் காரணம். அங்கே பயிற்சி தரும் அண்ணை முதல் நாளே ஒரு கொப்பி வாங்கி வரச் சொன்னார். வெறும் பார் 20 கிலோ, அதைத் தோளில் வைத்து இருந்து எழும்பும் ஸ்குவாட், மூன்று தடவை ஐந்தைந்து. அடுத்த நாள் வரும்போது 2.5 கிலோ கூட. அதற்கடுத்த நாள் இன்னும் 2.5. எதற்காக இவ்வளவு கொஞ்சமாக என்று கேட்டேன். “கொஞ்சமாக ஏற்றினால்தான் ஏற்றிக்கொண்டே இருக்கலாம்” என்றார். மார்ச் தொடக்கத்தில் 75 கிலோவோடு இருந்து எழும்பினேன். என்னால் நம்ப முடியவில்லை. ஆறு மாதமாக ஒரு திரைக்கு முன்னால் செத்துப் பிழைத்தும் கிடைக்காத முன்னேற்றம், இங்கே வாரத்துக்கு மூன்று நாளில், கொப்பியில் எழுதிவைத்த எண்ணாகக் கண்முன்னால் ஏறிக்கொண்டிருந்தது.

இதையே விளையாட்டுக்கும் செய்தால் என்ன என்று தோன்றிய அந்த இரவு நான் தூங்கவில்லை. தேடித் தேடி வாசித்தேன். தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர், இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட படையினரின் கால்களைத் தேற்றுவதற்காக, நோயாளி பத்துத் தடவை தூக்கக்கூடிய எடையை அளந்து, அதிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனார். 1945-இல் அதை எழுதி வெளியிட்டார். காயத்தை ஆற்றுவதற்கென்று வந்த முறையைக் கொண்டு எனக்கு நானே காயம் உண்டாக்கிக்கொண்டேன் என்பது வேறு கதை. அன்று எனக்கு அது வேதமாகத் தெரிந்தது. கொப்பியில் கோடு போட்டேன். நாளுக்கு ஒன்றரை மணிநேரம் என்று தொடங்கி, வாரத்துக்கு வாரம் 15 நிமிடம் கூட்டுவது. அந்த 15 நிமிடந்தான் என் 2.5 கிலோ.

அட்டவணை அப்படியே நடந்தது. மே நடுப்பகுதியில் நாளுக்கு நான்கு மணிநேரம். அலுவலகம் முடிந்து ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தரவரிசைப் போட்டி, இடையிடையே அந்தக் குத்து. முன், கீழ், கீழ்-முன் என்று இடது கட்டைவிரலால் திசைப் பொத்தானை உரசி உரசி, தோல் காய்த்துப் பளபளத்தது. புள்ளிகள் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் நேரம் போதாது என்று நினைத்து அடுத்த வாரம் இன்னும் 15 நிமிடம். தோற்றுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது; தூங்காமல் எழும்பினால் அடுத்த நாள் கண் மங்கும். அந்த ஆண்டு எழுத வேண்டிய கணக்கியல் தாள் ஒன்றுக்குக் கட்டணம் கட்டியும் போகவில்லை. அம்மாவிடம் பரீட்சை தள்ளிப்போனதாகச் சொன்னேன். இதைத் தட்டச்சு செய்யும்போதும் முகம் சுடுகிறது. விரல் வலி ஏப்ரலிலேயே சாடையாகத் தொடங்கியிருந்தது. தசை வாரக்கணக்கில் பலப்படும், தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் பழகும் என்று ஜிம்மில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். விரலுக்கும் அது பொருந்தும் என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை. காலையில் கதவுக் குமிழியைத் திருப்பும்போது சுருக்கென்றால், அன்றே நிறுத்துங்கள். போத்தல் மூடியைத் திறக்க முடியாத நாள்வரை நான் காத்திருந்தேன்.

ஜூன் நடுவில் ஜிம்மில் பாரைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிப்ட் எடுக்கும்போது பார் கையிலிருந்து நழுவியது. அண்ணை பார்த்துவிட்டார். வைத்தியரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன், அட்டவணை உட்பட. அவர் வாழ்நாளில் இப்படி ஒரு விளையாட்டைத் தொட்டதில்லை. கேலி செய்வார் என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, அதில் எடை எது?” நேரம்தான் என்றேன். அப்போதுதான் சிரித்தார். “நேரம் எடையென்றால், 20 கிலோ பாரைத் தோளில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை இங்கே நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே நீர். கால் நோகும். பலம் வருமா?” பிறகு, ஒவ்வொரு இரவும் தரவரிசைப் போட்டியிலேயே கிடப்பது, ஒவ்வொரு நாளும் ஒரே தூக்கில் தன் உச்ச எடையைச் சோதிப்பதைப் போல இருக்கிறது என்றும் சொன்னார். சோதனையில் பலம் தெரியவரும், அவ்வளவுதான். பலம் வருவது சோதனைக்கு வெளியே. கடைசியாக, போய் வைத்தியரிடம் உண்மையைச் சொல் என்று கலைத்துவிட்டார். போனேன். நான்கு வாரம் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டி போட்டார்கள்.

பட்டி கழன்றதும் திருந்திவிட்டேன் என்று எண்ண வேண்டாம். நேரத்தை ஒரு மணியாகக் குறைத்தேன். அந்த ஒரு மணியும் தரவரிசைப் போட்டிதான். இரண்டு வாரத்தில் இருந்த புள்ளியும் போனது. அப்போது நல்லூர்க் கொடியேறியது. நல்லூர்த் திருவிழா 25 நாள் என்றாலும், எங்கள் வீடுகளில் அது வெளிநாட்டு உறவினரின் பருவம். லண்டனிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து என் அறையில் இறங்கியது. என் கணினி மேசையில் சித்தியின் பயணப் பெட்டி. பன்னிரண்டு நாள் கன்ட்ரோலரைத் தொடவே முடியவில்லை. பின்னேரம் கோவில், இரவு ஐஸ்கிரீம், விறாந்தையில் பாய். உள்ளுக்குள் எரிச்சல். எல்லாம் மறந்துபோய்விடும் என்ற பயம். அவர்கள் போன அன்றிரவு உட்கார்ந்தேன். முதல் எட்டுச் சண்டையில் ஆறு வெற்றி. கை தானாகப் போயிற்று. நான் மாதக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தது திறமையும் களைப்பும் கலந்த ஒரு கூட்டு. களைப்பு வடிந்தபோது திறமை வெளியே தெரிந்தது. ஜிம்மில் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை அண்ணை எடையைக் குறைத்து இலேசான வாரம் தருவார். நான் அதைச் சோம்பேறி வாரம் என்று நினைத்து முகம் சுளித்ததுண்டு. இப்போது அந்த வாரத்தைக் கொப்பியில் முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். உறவினர் வரும்வரை காத்திருப்பதில்லை.

செப்டம்பரில் புதுக் கொப்பி வாங்கினேன். அண்ணையின் கேள்விக்கு என்ன பதில் என்று ஒரு வாரம் யோசித்தேன். நான் கண்ட பதில்: எடை என்பது ஒரு கணத்தில் கவனித்துத் தீர்மானிக்க வேண்டிய விடயங்களின் எண்ணிக்கை. முதலில் அளவு எடுத்தேன். பத்துச் சண்டைகளின் பதிவை ஓடவிட்டு, எதிராளி என்னை நோக்கி எத்தனை தடவை குதித்தான், எத்தனை தடவை அடித்து வீழ்த்தினேன் என்று கோடு போட்டேன். 43-க்கு 9. ஆறு மாதமாக இணைய வேகத்தையும் திரையையும் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்த எண்ணைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது. ஆகவே ஒரே ஒரு தூக்குத்தான்: குதித்து வருபவனை வீழ்த்துவது. விளையாட்டின் பயிற்சிப் பகுதியில் எதிராளியாக நிற்கும் பொம்மைக்கு அசைவுகளைப் பதிவுசெய்து கொடுத்தால் அதுவே மாற்றி மாற்றிச் செய்யும். முதல் வாரம், குதிப்பது மட்டும், எப்போது குதிக்கும் என்பது மட்டும் தெரியாது. இருபது தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. ஓய்வில் கைபேசி இல்லை. இருபதுக்குப் பதினேழு அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் எடை ஏறும்: குதிப்பதோடு, நடந்து வந்து காலில் உதைப்பதும் சேரும். அடுத்து தூரத்திலிருந்து நெருப்புப் பந்து. அடுத்து ட்ரைவ் இம்பாக்ட் என்ற பெரிய குத்து. பன்னிரண்டுக்குக் கீழே விழுந்தால் ஓர் அசைவைக் கழற்றிவிடுவேன். கழற்றுவதில் மானக்கேடு இல்லை; பாரிலிருந்து தட்டைக் கழற்றுவதும் அப்படித்தான். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தன் தேசிய சாதனையைத் தானே திரும்பத் திரும்ப முறியடித்த செய்திகளை நாங்கள் இங்கே பத்திரிகையில் வாசித்து வளர்ந்தோம். ஒவ்வொரு முறையும் குறுக்குச் சட்டம் உயர்ந்தது சில சென்ரிமீற்றர்தான். வாசித்தேனே தவிர, அந்தச் சென்ரிமீற்றர்களில் எனக்கும் பாடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் தவறவிடுவது. அந்த ட்ரைவ் இம்பாக்ட் வந்து விழ 26 பிரேம், அதாவது 0.43 செக்கன். ஒரு வெளிச்சத்தைக் கண்டு ஒரு பொத்தானை அழுத்த மனிதருக்கு ஏறத்தாழ கால் செக்கன் போதும். அப்படியென்றால் எல்லாரும் அதைத் தடுக்க வேண்டும் அல்லவா? தனியாக வந்தால் நானும் இருபதுக்கு இருபது தடுத்தேன். ஆனால் என்ன வரும் என்று தெரியாமல் நான்கு விடயங்களுக்குக் காத்திருக்கும்போது, கூடவே நானும் ஏதோ ஒரு தாக்குதல் செய்துகொண்டிருக்கும்போது, இருபதுக்கு ஏழு. விரலின் வேகம் இரண்டு நேரமும் ஒன்றுதான். ஆகவே “எனக்கு வேகம் போதாது, வயது போய்விட்டது” என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எத்தனை விடயங்களுக்கு ஒரே நேரத்தில் காத்திருக்கிறீர்கள் என்பதைத்தான்.

பயிற்சி 35 நிமிடம், பிறகு ஐந்தே சண்டை. அந்த ஐந்திலும் வெற்றி தோல்வியை எழுதுவதில்லை, குதிப்பும் வீழ்த்தலும் மட்டும். தரவரிசையைப் பற்றிக் கவலைப்படும் நாள் சனிக்கிழமை. முதல் இரண்டு வாரம் இது நரகம். ஐந்தும் தோற்றுவிட்டு எழும்புவது, பசியோடு இலையிலிருந்து எழும்புவதைப் போல இருக்கும். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கை நமைக்கும். கணினியின் மின்செருகியைக் கழற்றிக் கொண்டுபோய்க் குசினியில் வைத்த நாட்கள் உண்டு. ஐந்தாவது வாரம் மறுபடி பத்துச் சண்டையை எண்ணினேன். 41-க்கு 23.

ஜிம்மிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவரக்கூடாதவையும் உண்டு. பாரோடு மல்லுக்கட்டி, முகம் சிவந்து, கடைசி ஒன்றை எழுப்புகிறோமே, அதனால் தசைக்குப் பயன் உண்டு. விளையாட்டில் களைத்துப்போய்ச் செய்யும் கடைசி இருபது எனக்குப் பிழையைத்தான் பழக்கின. பிழையான அசைவும் பழகும், அதுவும் நன்றாகவே பழகும். ஆகவே அசைவு சிதறத் தொடங்கியதும் சுற்றை நிறுத்திவிடுகிறேன். அதேபோல, கால்களுக்குக் கொடுக்கும் ஒருநாள் இடைவெளி இதற்கு வேண்டியதில்லை. கொஞ்சமாக ஒவ்வொரு நாளும் செய்வது எனக்குப் பொருந்தியது, விரல் சம்மதித்தால். தூக்கம் மட்டும் இரண்டுக்கும் பொது. அன்று பிடிபடாத ஒன்று அடுத்த நாள் காலையில் தானாக வருவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அந்த 30,000 ரூபாக் காம்போக்கள்? அவை கண்ணாடிக்கு முன்னால் நின்று கைத்தசையை முறுக்கும் பயிற்சி. பார்க்க அழகு. முதல் அடி விழாதவனுக்குப் பன்னிரண்டு அடிக் காம்போவால் என்ன பயன். முழுதும் விட்டுவிடவில்லை, கடைசி ஐந்து நிமிடத்தில் ஆசைக்குச் செய்கிறேன்.

தனியாகச் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று இப்போது படுகிறது. ஜிம்மில் பார் நெஞ்சில் விழுந்தால் தூக்க ஒருவர் பின்னால் நிற்பார். என் அறையில் யாரும் நிற்கவில்லை. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஜப்பானிலும் லாஸ் வேகாஸிலும் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டிகள் இரண்டிலும் டெக்கன் 7 என்ற விளையாட்டின் பட்டத்தை வென்றார்; பாகிஸ்தானில் இப்படி ஆட்டக்காரர்கள் இருப்பதே அந்த ஆண்டில்தான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவர்கள் இணையத்தை நம்பாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடி வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் எனக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. மானிப்பாயில் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும் ஒரு பொடியன் கிடைத்தான். ஞாயிறு காலை இரண்டு மணிநேரம், அவனுடைய அம்மா தரும் தேநீருடன். அவனுடைய பாடம் முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். ஓர் ஆண்டைத் தொலைத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. அவன் குதிக்கவே மாட்டான். மெதுவாக நடந்து வந்து கழுத்தைப் பிடித்து எறிவான். என் 41-க்கு 23 அங்கே செல்லாக்காசு. “அண்ணா, நீங்கள் குதிப்பதற்கே காத்திருக்கிறீர்கள்” என்றான். எதைப் பயிற்றுவித்தோமோ அதுதான் வளரும், பக்கத்து அறைக்கு அது தானாகப் போகாது என்று அண்ணை ஜிம்மில் சொன்னதைப் பதினைந்து வயதுப் பையன் வேறு வார்த்தையில் சொன்னான்.

2025 பெப்ரவரியில் பிளாட்டினத்துக்கு அடுத்த தரமான டயமண்ட் வந்தது. அதற்கு மேலே உள்ள மாஸ்டர் இன்னும் வரவில்லை. கைவிட்ட அந்தக் கணக்கியல் தாளை எழுதிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த பொத்தான் பலகையை எடுத்துத் துடைத்துப் பழகுகிறேன். வேலை எல்லா விரல்களுக்கும் பிரிந்துபோவதால் கட்டைவிரலுக்கு ஆறுதல். 45,000 ரூபாவில் பாதியாவது திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். கொப்பியில் இப்போதைய தூக்கு, பிடித்து எறிபவனை விலக்குவது. பொம்மைக்கு இரண்டே அசைவு, எறிதலும் அடியும். நேற்று இருபதுக்குப் பதினொன்று. பன்னிரண்டுக்குக் கீழே. இன்றிரவு ஒன்றைக் கழற்ற வேண்டும்.